டிராக்டரின் எண்ணெய் விளக்கும் அதன் சுவிட்சும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்மண் புஞ்சைகளில் உழவுக்குரிய பதம் நெடுநாள் நிற்பதில்லை. மழை ஓய்ந்த சில தினங்களுக்குள் உழுது முடிக்காவிடில் ஈரம் வீணாகும். அத்தருணத்தில் டிராக்டரின் முகப்பிலே எண்ணெய்க் குடுவை உருவமுள்ள சிவப்பு விளக்கு எரியுமாயின், குடியானவர்களிற் சிலர் விளக்கே பழுதென்று எண்ணி உழவைத் தொடர்கின்றனர். வேறு சிலர் கம்பியைக் கழற்றி விளக்கை அணைத்துவிடுகின்றனர். இரண்டும் பெருநஷ்டத்திற்கு வழியாகும். அசை போடாத மாட்டை ஏரில் பூட்டுவார் இல்லை. யந்திரத்திற்கும் அவ்விதியே பொருந்தும்.

விளக்கின் வேலை

யந்திரத்தினுள் சுழலும் பாகங்களுக்கு எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்த ஒரு பம்பு உண்டு. அவ்வழுத்தத்தை அறிவது, யந்திரத்தின் பக்கத்தில் திருகப்பட்டுள்ள சிறு சுவிட்சாகும். அழுத்தம் இல்லாதபோது மின்சாரம் சுவிட்சின் வழியாக யந்திர உடம்பிற்குப் பாய, விளக்கு எரியும். அழுத்தம் ஏறியவுடன் அவ்வழி அறுபட்டு விளக்கு அணையும். ஆகவே சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிதலும், யந்திரம் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைதலுமே முறையாகும். சாவியைத் திருப்பியும் எரியாத விளக்கை நம்பலாகாது.

சோதிக்கும் முறை

ஓடும்போது விளக்கு எரிந்தால் யந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். வண்டி சமதரையில் நிற்க, சில நிமிஷங் கழித்து அளவுகோலால் எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவேண்டும். குறைந்திருப்பின், கைப்புத்தகத்தில் கண்ட தரமுள்ள எண்ணெயை ஊற்றி, ஒழுக்கு உண்டாவெனத் தேடுக. மட்டம் சரியாயிருப்பின், யந்திரத்தை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிச் சுவிட்சின் கம்பியைக் கழற்றுக. விளக்கு அணையாவிடில், கம்பி எங்கோ தேய்ந்து இரும்பில் படுகிறதென அறியலாம். அணைந்தால் குற்றம் சுவிட்சிலோ எண்ணெய் அழுத்தத்திலோ உள்ளது.

இவ்விரண்டில் எதுவென்பதை ஊகத்தால் துணியலாகாது. சுவிட்சின் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, யந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி, கைப்புத்தக அளவோடு ஒப்பிடவேண்டும். அளவு குறைந்தால் பம்பு, பேரிங்கு முதலியவற்றை மெக்கானிக்கே பார்க்கட்டும். அளவு சரியாயிருந்தால் மாத்திரமே சுவிட்சை மாற்றுதல் தகும்.

சுவிட்சை மாற்றுதல்

யந்திரம் ஆறியபின் பேட்டரியின் எர்த்துக் கம்பியைக் கழற்றவேண்டும். துளைக்குள் மண் விழாதபடி சுவிட்சைச் சுற்றிலும் துடைத்து, ஸ்பானரால் இடப்புறம் திருகி எடுக்கவேண்டும். புதிய சுவிட்சின் மரை பழையதை ஒத்திருக்கிறதா என்று பார்த்து, முதலில் கையால் திருகிப் பின்பு அளவாக இறுக்குக. மிகை இறுக்கம் மரையைக் கெடுக்கும். ஒற்றைக் கம்பிச் சுவிட்சிற்கு அதன் உடம்பே எர்த்து ஆதலின், மரை முழுதும் டேப்பு சுற்றலாகாது; சுற்றினால் ஆபத்துக் காலத்தில் விளக்கு எரியாது போகலாம். கம்பிகளை மாட்டி யந்திரத்தை ஓட்டி, விளக்கு அணைவதையும் எண்ணெய் கசியாமையையும் பார்த்த பின்னரே வயலில் இறக்குக.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகை விதிகள் கடுமையாயின. அத்தகைய புது யந்திரங்கள் பலவற்றில் கணினியும் பல கம்பிச் சென்சார்களும் உள்ளன. அவற்றிற்கு மேற்கூறிய கம்பிச் சோதனை ஆகாது. தயாரிப்பாளரின் பணிமனையை நாடுக. கிராம அதிகாரிகள், உழவு தொடங்குமுன் தத்தம் ஊர் டிராக்டர் ஓட்டிகளுக்கு இவற்றை எடுத்துரைப்பாராயின், சிறு சுவிட்சின் பொருட்டு ஒரு பருவமே பாழாவதைத் தடுக்கலாம்.