டேப் காட்டிக்கொடுத்தது

பீட்டில்ஸ் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி பூரா வாசித்துத் தேறினார்கள் என்பது தெரிந்த கதை. எனக்கென்னவோ 1962 லண்டன் ஒலிப்பதிவுகள்தான் முக்கியமாகப் படுகிறது. மேடையில் கூச்சல் தாளப் பிசகை மூடிவிடும். டேப்பில் அது நடக்காது. நாம எழுதின கோடை இன்னொருத்தர் ரிவ்யூ பண்ற மாதிரிதான்.

ஜூன் 6 பதிவில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினுக்கு டிரம்ஸ் பிடிக்கவில்லை. ஆகஸ்டில் பீட் பெஸ்ட் வெளியே, ரிங்கோ உள்ளே. (அவருக்குப் பதிலாகவும் செப்டம்பர் 11 அன்று வேறொருவரை வாசிக்க வைத்தார்கள், பாவம்!)

'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதலில் மந்தமான பாட்டு. மார்ட்டின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். நவம்பர் 26-ல் அதை வேகமாக வாசித்துப் பதிவு செய்தார்கள்.

1963 பிப்ரவரி 11-ல் ஒரே நாளில் பத்துப் பாட்டு. கடைசிப் பாட்டுக்குள் லெனனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆல்பத்தில் இருப்பது முதல் டேக்தான்.