வீடே அலுவலகம் – 11: பயணம் முடிந்த பிறகே கூலி

சென்ற வாரம், சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைப் பார்த்தோம். இந்த வாரம் அமெரிக்காவில் வேரூன்றிய ஒரு தொழில். தீம் பார்க் விடுமுறைக்கென்றே திட்டம் போட்டு, அறை பிடித்து, டிக்கெட் வாங்கிக் கொடுக்கும் பயண ஏஜென்ட் வேலை. கடை வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு கைபேசி, பொறுமை இவை போதும். இதில் ஈடுபட்டிருப்பவர்களில் பெண்களே அதிகம்.

‘டிக்கெட்டை நாமே இணையத்தில் வாங்கிவிடலாமே, நடுவில் ஏஜென்ட் எதற்கு?’ என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் தெரிந்தால்தான் இந்தத் தொழில் புரியும்.

நூறு சதுர கிலோமீட்டர்

புளோரிடாவில் ஆர்லாண்டோ நகருக்கு அருகே 1971 அக்டோபர் 1 அன்று வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். சான் பிரான்சிஸ்கோ நகரத்தைவிடச் சற்றுதான் சிறியது. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பெரிய பூங்காக்கள், இரண்டு நீர்ப் பூங்காக்கள், 25-க்கும் மேற்பட்ட தங்கும் விடுதிகள். பக்கத்திலேயே போட்டியாளரான யுனிவர்சல். அதன் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸ் 2025 மே 22-ல் திறக்கப்பட்டது.

இடம் பெரிது என்பது பாதிச் சிக்கல்தான். மீதிப் பாதி விதிமுறைகளில் இருக்கிறது. டிஸ்னி உணவகங்களில் மேசை பிடிக்க 60 நாட்களுக்கு முன்பே பதிவு திறந்துவிடும். வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்கும் ‘லைட்னிங் லேன்’ வசதிக்குத் தனிக் கட்டணம். டிஸ்னி விடுதியில் தங்குபவர் அதை 7 நாட்களுக்கு முன்பே வாங்கலாம். வெளியே தங்குபவருக்கு 3 நாட்களுக்கு முன்புதான். விடுதியில் தங்குபவர் தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் பூங்காவுக்குள் போகலாம். டிக்கெட் விலையோ தேதிக்குத் தேதி மாறும். மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை. போதாததற்கு இந்த விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய ‘பாஸ்ட்பாஸ்’ போய் 2021-ல் ‘ஜீனி பிளஸ்’ வந்தது. 2024 ஜூலையில் அதுவும் போய் இன்றைய முறை வந்தது.

ஒரு குடும்பம் வாழ்நாளில் ஒருமுறையோ இரண்டு முறையோதான் அங்கே போகிறது. வருடக் கணக்கில் சேர்த்த பணத்தை நான்கைந்து நாட்களில் செலவழிக்கிறது. அந்த நாட்களை வீணாக்காமல் காப்பதற்காகத்தான் ஏஜென்ட்.

எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள பாட்டி, அப்பா, அம்மா என்று ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஏஜென்ட் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, பையனின் உயரத்தை. ‘செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின்’ ஏற 38 அங்குலம் வேண்டும். ‘ஸ்பேஸ் மவுன்டன்’ ஏற 44 அங்குலம், ‘டிரான்’ ஏற 48 அங்குலம். பையன் 40 அங்குலம் என்றால் எந்த ரைடில் அவனுக்கு அனுமதி உண்டு, எதில் இல்லை என்பதை வீட்டிலேயே சொல்லிவிடலாம். வாசலில் நின்று அவன் அழ வேண்டியதில்லை. அவனுடன் ஒருவர் வெளியே காத்திருந்து, மற்றவர் இறங்கி வந்ததும் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ‘ரைடர் ஸ்விட்ச்’ முறையையும் சொல்லித் தரலாம். பாட்டிக்கு நடை குறைய வேண்டும் என்றால் மேஜிக் கிங்டத்துக்கு மோனோ ரயில் போகும் கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் புளோரிடியன் விடுதிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பணம் போதாதென்றால், ‘ஸ்கைலைனர்’ கம்பிவழி வண்டி நிற்கும் பாப் செஞ்சுரி போன்ற சிக்கன விடுதியில் அறை போடலாம். அந்த வண்டி எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் கொண்டுபோய் விடும்.

சைவம் சாப்பிடும் நம் ஊர்க் குடும்பம் என்றால், அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள ‘சனா’ உணவகத்தைச் சொல்லலாம். ஆப்பிரிக்க, இந்தியச் சுவைகள் சேர்ந்த சமையல் அங்கே. ‘நான்’ ரொட்டியும் பலவகைத் தொக்குகளுமாக வரும் தட்டுக்குப் பெயர்பெற்றது.

கல்யாண வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று முகம் பார்த்தே அறிந்து பந்தி விசாரிக்கும் பெரியம்மாவின் வேலைதான் இது. அமெரிக்காவில் அதற்குக் கமிஷன் தருகிறார்கள்.

தொழில் வீட்டுக்கு வந்த கதை

ஒரு காலத்தில் அமெரிக்கப் பயண ஏஜென்ட் என்றால் கடைவீதியில் அலுவலகம் இருக்கும். விமான டிக்கெட் விற்றால் விலையில் 10 சதவீதம் கமிஷன். 1995 பிப்ரவரியில் டெல்டா விமான நிறுவனம், உள்நாட்டில் போய்த் திரும்பும் டிக்கெட் ஒன்றுக்கு அதிகபட்சம் 50 டாலர்தான் என்று வரம்பு கட்டியது. மற்ற பெரிய நிறுவனங்களும் உடனே பின்பற்றின. 2002 மார்ச்சில் அந்த அடிப்படைக் கமிஷனையே டெல்டா நிறுத்தியது, மற்றவையும் நிறுத்தின. இணையத்தில் மக்கள் தாங்களே டிக்கெட் வாங்கப் பழகிய காலமும் அதுதான். கடை வாடகைக்குக்கூட வருமானம் இல்லாமல் ஏராளமான அலுவலகங்கள் மூடப்பட்டன.

ஆனால் கப்பல் பயணம், ரிசார்ட், தீம் பார்க் பேக்கேஜ் ஆகியவற்றில் கமிஷன் நிலைத்தது. அவை சிக்கலானவை, ஆலோசனை தேவைப்படுபவை என்பதால், விற்றுத்தரும் ஆட்கள் அந்த நிறுவனங்களுக்கும் வேண்டியிருந்தது. கடையை இழந்தவர்கள் வீட்டிலிருந்தே அவற்றை விற்கத் தொடங்கினார்கள். அமெரிக்கப் பயண ஏஜென்ட்டுகளின் சங்கமான ‘ஆஸ்டா’ 2018-ல் தன் பெயரில் இருந்த ‘ஏஜென்ட்’ என்ற சொல்லை ‘ஆலோசகர்’ என்று மாற்றிக்கொண்டது. தொழிலின் உள்ளடக்கம் மாறிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

ஹோஸ்ட் ஏஜென்சி

தனியாள் ஒருவர் டிஸ்னியிடமோ யுனிவர்சலிடமோ நேரடியாகக் கமிஷன் கணக்குத் தொடங்குவது கடினம். அதற்கு ஐயாட்டா அல்லது கிளியா போன்ற அமைப்பின் பதிவு எண் வேண்டும். அந்த எண்ணை வைத்திருக்கும் தாய் நிறுவனம்தான் ‘ஹோஸ்ட் ஏஜென்சி’. அதன் எண்ணின் கீழ் நீங்கள் பதிவு செய்கிறீர்கள். கமிஷன் முதலில் அவர்களுக்குப் போய், பிறகு ஒப்பந்தப்படி உங்கள் பங்கு வருகிறது. 70–30, 80–20 என்று பங்கு விகிதம் இடத்துக்கு இடம் மாறும். சில நிறுவனங்கள் நுழைவுக் கட்டணமோ மாதக் கட்டணமோ கேட்கும். சில கேட்பதில்லை, பதிலுக்குப் பங்கைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

இங்கே நீங்கள் ஊழியர் அல்ல, சுயதொழில் செய்பவர். சம்பளம் கிடையாது, மருத்துவக் காப்பீடு கிடையாது. நிகர வருமானத்தில் வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. புளோரிடா, கலிபோர்னியா, வாஷிங்டன், ஹவாய் மாநிலங்களில் பயணம் விற்பவர்களுக்கென்று தனிப் பதிவுச் சட்டங்கள் இருக்கின்றன. ஹோஸ்ட் நிறுவனத்தின் பதிவு உங்களுக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதியைத் தவறாகப் பதிந்து வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால் காப்பாற்றும் தொழில்முறைக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதையும் அப்படியே.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. டிஸ்னி தன் பயண ஏஜென்ட்டுகளுக்கென்றே ‘காலேஜ் ஆஃப் டிஸ்னி நாலெட்ஜ்’ என்ற இலவச இணையப் பாடத்தை நடத்துகிறது. பொதுவான பயணத் தொழில் படிப்புக்கு, 1964 முதல் இயங்கிவரும் ‘டிராவல் இன்ஸ்டிடியூட்’ சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகிறது. ஒன்றை மறக்கக் கூடாது: அனுமதியில்லாமல் டிஸ்னியின் பெயரையோ மிக்கியின் உருவத்தையோ உங்கள் தொழில் பெயரிலும் சின்னத்திலும் போடக் கூடாது.

கையில் என்ன மிஞ்சும்?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வரி நீங்கலாக 5,000 டாலர் பேக்கேஜ். கமிஷன் 10 சதவீதம் என்றால் 500 டாலர். ஹோஸ்ட்டுடன் 70–30 பங்கு என்றால் உங்களுக்கு 350. வரி போக மிஞ்சுவது அதற்கும் கீழே. இந்தப் பணத்துக்காக வாடிக்கையாளர் பொதுவாகக் கூடுதலாக எதுவும் தருவதில்லை. பூங்கா நிறுவனமே தருகிறது.

அந்த 350 டாலர் எப்போது வரும் என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை. ஜனவரியில் குடும்பம் பேசுகிறது. 200 டாலர் டெபாசிட் கட்டி அக்டோபர் பயணத்துக்கு அறை போடுகிறீர்கள். நடுவில் தள்ளுபடி அறிவிப்பு வந்தால், அதே பதிவில் அந்தச் சலுகையைச் சேர்த்துக் கொடுப்பதும் உங்கள் வேலை. பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன் விடிகாலையில் எழுந்து உணவக மேசை பிடிக்கிறீர்கள். பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன் மீதிப் பணம் கட்டப்படுகிறது. குடும்பம் போய் வந்த பிறகே கமிஷன் கணக்கு ஓடத் தொடங்கும். ஜனவரி உழைப்புக்குக் கூலி நவம்பரிலோ டிசம்பரிலோ வருகிறது. நடுவில் பயணம் ரத்தானால் பொதுவாகக் கூலியும் இல்லை. 2020 மார்ச் நடுவில் மூடிய டிஸ்னி வேர்ல்ட் ஜூலை 11-ல்தான் மறுபடி திறந்தது. அந்த மாதங்களில் பதிவுகளை ரத்து செய்யவும் தள்ளிப்போடவும் ஏஜென்ட்டுகள் உழைத்தார்கள், கமிஷன் இல்லாமலே. ஜூன் முதல் நவம்பர் வரை புளோரிடாவுக்குப் புயல் காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் ஆண்டை வருமான ஆண்டாக எண்ணாதீர்கள். வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருப்பவர்களுக்கு மட்டுமே இது பொருத்தமான தொடக்கம். திருப்தியுடன் திரும்பிய ஒரு குடும்பம் நான்கு குடும்பங்களிடம் உங்கள் பெயரைச் சொல்லும்போதுதான் தொழில் நிமிரும். கமிஷன் இப்படித் தாமதமாகவும் நிச்சயமில்லாமலும் வருவதால்தான் அனுபவமுள்ள பலர் திட்டமிடுவதற்கென்று தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது நியாயமானதே.

ஆள் சேர்க்கச் சொன்னால்

‘வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள், சலுகை விலையில் உலகம் சுற்றுங்கள்’ என்ற விளம்பரங்களில் கவனம் வேண்டும். 2008 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞர் ஜெர்ரி பிரவுன், ‘ஒய்டிபி’ என்ற நிறுவனத்தின் மீது, ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் பிரமிட் மோசடி என்று வழக்குத் தொடுத்தார். சேர்வதற்கு ஏறத்தாழ 450 டாலர், பிறகு மாதம் ஏறத்தாழ 50 டாலர் கட்டினால் ஒரு பயண இணையதளம் தருவார்கள். 2007-ல் உறுப்பினர்களில் 38 சதவீதத்தினர் மட்டுமே ஏதாவது பயணக் கமிஷன் பெற்றார்கள் என்றும், அவர்களிலும் இடைநிலை வருமானம் ஆண்டுக்கு 39 டாலர்தான் என்றும் அரசுத் தரப்பு சொன்னது. ஒரு மாதக் கட்டணத்துக்குக்கூட அது போதாது. 2009-ல் அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் தரச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டது.

அளவுகோல் எளிது. உங்கள் வருமானம் பயணம் விற்பதிலிருந்து வர வேண்டும். புதிய ஏஜென்ட்டைச் சேர்ப்பதிலிருந்து வருமென்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விசாவில் போனவர்களுக்கு

கணவரின் எச்-1பி வேலையால் அமெரிக்கா போய், எச்-4 விசாவில் வீட்டில் இருக்கும் நம் பெண்கள் நிறையப் பேர். படிப்பும் திறமையும் நேரமும் இருப்பவர்கள். அவர்கள் கண்ணில் இந்த விளம்பரம் பட்டால் ஆசை வருவது இயல்பு. ஆனால் எச்-4 விசா மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்வது சட்ட மீறல். வீட்டில் உட்கார்ந்து, சுயதொழிலாக, கமிஷனுக்குச் செய்வதும் சட்டத்தின் பார்வையில் வேலைதான். 2015 மே 26 முதல், கணவரின் கிரீன் கார்டு வழியில் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற குறிப்பிட்ட நிலைகளில் மட்டும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். எல்-1 விசாவில் இருப்பவரின் துணைக்கு, 2021 நவம்பர் முதல் அந்த நிலையிலேயே வேலை செய்யும் உரிமை உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சில நூறு டாலர் கமிஷனுக்காகக் குடும்பத்தின் கிரீன் கார்டைப் பணயம் வைக்கக் கூடாது.

அனுமதி இருப்பவர்களுக்கு என் யோசனை இது. முதல் மூன்று மாதம் எதையும் விற்காதீர்கள். இலவசப் பாடங்களை முடியுங்கள். மூன்று ஹோஸ்ட் நிறுவனங்களின் ஒப்பந்தங்களை வாங்கி, பங்கு விகிதம், கமிஷன் வந்து சேரும் காலம், விலகினால் உங்கள் வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு குடும்பத்தின் பயணத்தை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை குறையில்லாமல் செய்து கொடுங்கள். அக்கறையோடு செய்பவர்களை இந்தத் தொழில் கைவிடாது. அவசரப்படுபவர்களுக்கும், பூங்காவைச் சுற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

(தொடரும்)