பாவனைப் பறப்பு

நிலத்தில் நின்றவாறே வானொலி அலைகளால் சிறு விமானத்தை இயக்குவது அரிய கலையாகும். 1898ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில் சிறு படகு ஒன்றை இம்முறையால் இயக்கிக் காட்டினார். இயக்கம் தவறினும் படகு நீரில் மிதந்து நிற்கும். விமானமோ வீழ்ந்து நொறுங்கும். ஆதலின், பயில்வோர் முதலில் கணிப்பொறித் திரையில் பாவனை விமானத்தைப் பறக்கவிட்டுப் பழகுவர்.

கையிலேந்தும் டிரான்ஸ்மிட்டரைக் கம்பிவடத்தால் கணிப்பொறியுடன் இணைத்தல் முதற்பணி. இணைத்தவுடன் பறக்கவிடுதல் ஆகாது. அதிலுள்ள இரு கோல்களும் எவ்வளவு அசையும் என்பதைக் கணிப்பொறி தானே அறியாது. எனவே, அவற்றை நடுவில் நிறுத்தியும், நாற்புறமும் கடைக்கோடிவரை நகர்த்தியும் அளவு காட்டுதல் வேண்டும்.

அடுத்து, திசையைச் சோதித்தல் வேண்டும். விமானத்தை வலப்புறம் சாய்க்கும் கோலை வலப்பக்கம் நகர்த்தினால், வல இறக்கையின் பின்மடல் உயர்ந்து, இட இறக்கையின் மடல் தாழ வேண்டும். மாறி அசையுமாயின் அமைப்பைத் திருத்துக. இன்றேல் கை பிழையையே பழகிவிடும். பின்னர் உண்மை விமானத்தை அப்பழக்கமே வீழ்த்தும்.

விமானம் தம்மை நோக்கி வருங்கால், அதன் வலம் இயக்குவோருக்கு இடமாகும். புதியோர் பெரிதும் தடுமாறும் இடம் இதுவே. திரையில் நூறுமுறை வீழ்ந்தாலும் பொருளிழப்பில்லை, மீண்டும் எழலாம். ஆயினும், கருவியைச் செவ்வனே பொருத்திய பின்னரே அப்பயிற்சி பயன் தரும். பயிற்சி பெரிது, அதனினும் பெரிது, பிழையற்ற தொடக்கம்.