கல்சட்டியும் பார்சல் ரசீதும்

சென்ற ஆவணி மாதத்தில், புனேயில் குடித்தனம் செய்யும் என் மகளுக்கு எருமப்பட்டியிலிருந்து ஒரு சிப்பம் அனுப்பினோம். என் தாயார் புக்ககம் வந்த நாளில் கொண்டுவந்த கல்சட்டி, அவர் திருமணத்தன்று உடுத்திய கூறைப் பட்டு, பூஜை அறையில் இருந்த பித்தளைக் குத்துவிளக்கு ஆகிய மூன்று பொருள்களும் அதில் இருந்தன. தமக்குக் கண்பார்வை குறைந்து வருகிறதென்றும், தாம் இருக்கும்போதே பேத்தியின் கையில் இவை சேர்ந்துவிட வேண்டுமென்றும் தாயார் விரும்பினார்.

சிப்பம் கட்டியவன் நானே. பட்டு மெத்தென்று இருக்குமே என்று சட்டியைச் சுற்றிப் புடவையைப் போர்த்தினேன். இடம் வீணாகாதிருக்கட்டும் என்று குத்துவிளக்கைச் சட்டிக்குள் செருகினேன். எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே சாக்கு போட்டுக் கோணி ஊசியால் நெருங்கத் தைத்தேன். நல்ல வேலை செய்துவிட்டதாக அன்று மிகுந்த திருப்தி. லாரி பார்சல் அலுவலகத்தில் படிவத்தை நீட்டியபோது, பொருள் என்ற இடத்தில் ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். கட்டணம் 240 ரூபாய்.

எட்டாம் நாள் சிப்பம் போய்ச் சேர்ந்தது. சட்டி நான்கு துண்டுகளாக இருந்தது. விளக்கின் உச்சியில் இருந்த அன்னம் வளைந்திருந்தது. உடைந்த கல்லின் விளிம்பு புடவையின் முந்தியை ஒரு சாண் நீளத்துக்கு அறுத்திருந்தது. விளக்கின் அடியில் தங்கியிருந்த பழைய எண்ணெய் வேறு கறையாக இறங்கியிருந்தது.

கல்சட்டியைப் பற்றி நம் சேலம், நாமக்கல் பகுதியாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேலத்து மாக்கல்லைக் குடைந்து செய்யும் சட்டி அது. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மாக்கல் மிருதுவானது. ஆனால் அடிபட்டால் நசுங்குவதற்குப் பதில் பிளந்துவிடும். புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றவும் முடியாது. எண்ணெயும் மஞ்சளும் தடவி, வடிகஞ்சியைச் சுடச் சுட ஊற்றி வைத்து, நாள் கணக்கில் பழக்கி, சிறு தீயில் தொடங்கிப் படிப்படியாகத்தான் சூடேற்ற வேண்டும். பழகிய சட்டியோ வெளியே கருத்து, உள்ளே வழவழத்து, இறக்கி வைத்த பின்னும் நெடுநேரம் குழம்பைக் கொதிக்க வைக்கும். அறுபது ஆண்டுக் காலம் பழகிய சட்டியை நான் உடைத்தேன். பார்சல் அலுவலகத்தார், வேண்டுமானால் புதிய சட்டி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கடையில் கிடைக்கும் விலையைத்தானே அவர்கள் அறிவார்கள்.

நஷ்டஈடு கேட்கலாமென்று சட்டத்தை விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான், வெறுமையாக விட்ட அந்தக் கட்டத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. அங்கத்தினர் பலரும் நெசவுத் துணியும் விளைபொருளும் அனுப்புகிறவர்கள். ஆகையால் நான் அறிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாலை வழியே சரக்கு ஏற்றிச் செல்வோரை 1865-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெடுங்காலம் கட்டுப்படுத்தி வந்தது. அதன் இடத்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அனுப்புகிறவர் சரக்கின் தன்மையையும் மதிப்பையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். சரக்கு சேதமடைந்தால், லாரிக்காரருடைய பொறுப்பு செலுத்திய கட்டணத்தைப் போல் பத்து மடங்கு வரைதான். அதுவும் படிவத்தில் எழுதிய மதிப்பைத் தாண்டாது. என் கணக்கில் 240 ரூபாய்க்குப் பத்து மடங்கு 2,400 ரூபாய். மதிப்பே எழுதாதவன் அதையும் வாதாடித்தான் பெற வேண்டும். இதற்கு மேல் பாதுகாப்பு வேண்டுமானால், கூடுதல் கட்டணம் தருவதாக முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டு அனுப்ப வேண்டும்.

இச்சட்டத்தில் நமக்கு அனுகூலமான பகுதியும் உண்டு. லாரிக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டுச் சேதமாய்ப் போய்ச் சேர்ந்தது என்று காட்டினால் போதும். ரசீதின் மூலையில் ‘உடையவர் பொறுப்பில்’ என்று முத்திரை குத்தியிருப்பதைக் கண்டு பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அந்தச் சொற்களால் மட்டும் ஏற்றிச் செல்பவர் தம் சொந்தக் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஒரு கெடு உண்டு. வழக்குத் தொடுப்பதற்கு முன் எழுத்து மூலமான அறிவிப்பை, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பெற்றுக்கொண்ட நாளிலிருந்து என்று எண்ணி ஏமாறலாகாது.

கூரியர்காரர்கள் விஷயத்தில் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றை நம் நெசவாளர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பாரதி நிட்டிங் கம்பெனி என்னும் பின்னலாடை நிறுவனம் ஜெர்மனிக்கு அனுப்பிய தஸ்தாவேஜுகள் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. அதனால் ஏற்பட்ட நஷ்டத்துக்காக மாநில ஆணையம் 4 லட்சத்து 29 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வழங்கச் சொல்லிற்று. உச்ச நீதிமன்றம் வரை போன அவ்வழக்கில் முடிவாகக் கிடைத்தது 100 அமெரிக்க டாலர். பொறுப்பு அவ்வளவுதான் என்று சீட்டில் அச்சிட்டிருந்தது. அதன் கீழ் அனுப்பியவர் கையெழுத்தும் இருந்தது. பொடி எழுத்தை நாமெல்லாம் படித்துவிட்டா கையெழுத்திடுகிறோம்?

ரயில் பார்சலுக்கும் இத்தகைய வரம்பு உண்டு. மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணம் செலுத்தாவிட்டால், கிலோவுக்கு 50 ரூபாய் என்று 1990-ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. அவ்விதிகளில் யானை ஒன்றுக்கு 6,000 ரூபாய், குதிரைக்கு 3,000 ரூபாய் என்றும் கண்டிருக்கிறது! நாலு கிலோ கல்சட்டிக்கு அந்தக் கணக்கில் 200 ரூபாய்.

அஞ்சல் பார்சல் மட்டும் விதிவிலக்கா? வெள்ளைக் காடாத் துணியில் தைத்து, தையலின் மேல் வரிசையாக அரக்கு முத்திரை வைத்து அனுப்பிய சிப்பங்களை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அரக்கு, வழியில் யாரும் பிரித்தார்களா என்று காட்டுவதற்கு ஏற்பட்டது. உடையாமல் காப்பதற்கு அன்று. தானாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் அஞ்சல் துறைக்குப் பொறுப்பில்லை என்றது 1898-ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஜூன் 18 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் விதிகளில் குறித்த பொறுப்பைத் தவிர வேறொன்றை ஏற்கவில்லை. எனவே அஞ்சலில் அனுப்புவோர் காப்பீட்டுக் கட்டணத்தைச் செலவென்று பார்க்கலாகாது.

இவ்வளவும் உடைந்த பின் செய்ய வேண்டியவை. உடையாதிருக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டு சாலையோரம் நின்றபோது, கோழிப்பண்ணை லாரி ஒன்று போயிற்று. அன்றுதான் எனக்கு வெட்கம் வந்தது. நம் நாமக்கல் முட்டை கேரளம் முழுவதும் போகிறது, கடல் கடந்தும் போகிறது. ஓட்டைப் பார்த்தால் கல்சட்டியைவிட எவ்வளவோ மெல்லியது. அது எப்படிப் போகிறது? ஒரு கூழ் அட்டையில் ஐந்துக்கு ஆறாக 30 குழிகள். ஒவ்வொரு முட்டைக்கும் தனி அறை. ஒன்று மற்றொன்றைத் தொடுவதில்லை. அகன்ற முனை மேலே இருக்க நிமிர்ந்து நிற்கிறது. அடுத்த அட்டையைக் கால் வட்டம் திருப்பி வைக்கிறார்கள். அதனால் மேல் அட்டையின் பாரத்தைக் கீழ் அட்டையின் மேடுகள் தாங்குகின்றன, முட்டை தாங்குவதில்லை. இந்த ஊரில் பிறந்தும், கனத்த பித்தளையைக் கல்லுக்குள் செருகி அனுப்பியிருக்கிறேன்!

முட்டை அட்டையின் நியாயத்தையே நம் பழம்பொருள்களுக்கும் கொள்ளலாம். சட்டியின் உட்குழிவைத் துணியால் இறுக நிரப்பி, வெளியே நாற்புறமும் கனமாகப் பொதிந்து, சிறு பெட்டியில் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியைப் பெரிய பெட்டி ஒன்றில் இட்டு, இடைவெளி நான்கு விரற்கிடைக்குக் குறையாமல் அடைக்க வேண்டும். பொதிவதற்குத் தறிக்கூடத்துக் கழிவு நூலைவிடச் சிறந்த பண்டம் இல்லை. வைக்கோலும் உமியும் ஈரம் வாங்கும். கல்லுக்குப் பாதகமில்லை, துணிக்கு ஆகாது. மூடிய பெட்டியைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்க்கவேண்டும். உள்ளே சப்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். ‘உடையும் பொருள்’ என்று சிவப்பு மையில் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்குச் சரக்கு இறக்குகிறவர் அதைப் படிப்பார் என்று நம்பிக் கட்டவேண்டாம் என்கிறேன். குத்துவிளக்கு மரையில் கழலும். எண்ணெய் போகத் துடைத்து, தண்டும் தட்டும் அடியும் வேறு வேறாகப் பொதிந்து, கல்லோடு சேராமல் தனிச் சிப்பமாக அனுப்ப வேண்டும்.

பட்டைப் பற்றி நெசவாளர்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கும் கதைதான். ஆனாலும் நெய்கிறபோது தெரிந்தது அனுப்புகிறபோது மறந்துபோகிறது. பழம்பட்டு ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே இழை முறியும். அசல் ஜரிகையில் இருப்பது வெள்ளிக் கம்பி. கந்தகம் பட்டால் கறுக்கும், ரப்பர் வளையத்தில் கந்தகம் உண்டு. செய்தித்தாளின் மை ஒட்டும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சையை வளர்க்கும். பாவு சுற்றுவதுபோல் ஒரு குழலின்மேல் வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுற்றி அனுப்பினால் மடிப்பே விழாது.

அனுப்பும் முன் பொருளையும் கட்டிய சிப்பத்தையும் போட்டோ எடுத்து வைப்பதும், பெறுகிறவர் கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பிரித்து, சேதத்தை ரசீதில் எழுதி வாங்குவதும் சிறிய காரியங்கள். வழக்கு என்று வந்தால் அவையே சாட்சி. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். நம் சங்கக் காரியாலயத்தில் பூர்த்தி செய்த மாதிரிப் படிவம் ஒன்றைத் தொங்கவிட்டால் உபயோகமாக இருக்கும் என்று காரியதரிசியிடம் கேட்டிருக்கிறேன்.

புடவையின் கிழிசலை நம் அங்கத்தினர் ஒருவர் இழைக்கு இழை கோத்துச் சேர்த்துக் கொடுத்தார். எண்ணெய்க் கறை முழுவதும் போகவில்லை. சட்டியின் அடித் துண்டு சற்றுக் குழிவாகத் தப்பியிருந்தது. மகள் அதில் உப்பு வைத்திருக்கிறாள். தாயார் என்னிடம் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. சேலத்திலிருந்து ஒரு புதுச் சட்டி வாங்கி வரச் சொன்னார். ஐப்பசியிலிருந்து தினமும் வடிகஞ்சி ஊற்றி, கண் தெரியாத குறைக்குக் கையால் தடவிப் பார்த்து, அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். தைக்கு மகள் வருகிறாள். அந்தச் சட்டி பார்சலில் போகப்போவதில்லை. ரயிலில் அவள் மடியில் போகும்.