காக்கை உட்கார்ந்ததாலா பனம்பழம் விழுந்தது?

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மானாவாரிக் கொல்லையில் சாமை விதைக்கிறவருக்கு வானம்தான் எல்லாம். சாயங்காலம் தவளை கத்தினால் ராத்திரி மழை என்பார்கள். பல நாள் அது பலிக்கவும் செய்யும். அதற்காக நூறு தவளையைப் பிடித்துக் கத்தவைத்தால் மழை கொட்டுமா? கொட்டாது! காற்றில் ஏறுகிற ஈரம் தவளையையும் கத்த வைக்கிறது, மழையையும் கூட்டி வருகிறது. இரண்டும் சேர்ந்து வருவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பார்கள். ஒன்றால் மற்றொன்று நடப்பது காரண காரியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதில் பெரிய அறிஞர்களே ஏமாந்திருக்கிறார்கள், தெரியுமா?

அதே மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இன்னொரு பழைய வீடு கொடைக்கானல் சூரிய ஆய்வகம். அது 1899-இல் பிறந்ததற்கு ஒரு காரணம் பஞ்சம் என்றால் நம்புவீர்களா?

1876 முதல் 1878 வரை நம் பாட்டன் பூட்டன்கள் அனுபவித்த தாது வருஷப் பஞ்சம்! தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அந்த நேரத்தில், 1877-இல், நார்மன் லாக்கியர் என்ற வானியலாளரும் டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் என்ற அதிகாரியும் சென்னையின் பழைய மழைக்கணக்கைப் புரட்டி, சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் இங்கே மழையும் குறைகிறது என்று எழுதினார்கள். புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். அப்படியானால் பஞ்சத்துக்கும் நாள் குறித்துவிடலாமே! சூரியனைத் தொடர்ந்து பார்க்கக் கொடைக்கானலில் ஆய்வகம் எழுந்ததற்கு இந்த ஆசையும் ஒரு காரணம். ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். சூரியப் புள்ளி குறைந்தால் இந்தியாவில் விளைச்சல் குறையும், நம் ஆட்கள் கையில் காசிராது, இங்கிலாந்துத் துணி விலைபோகாது, லண்டன் வியாபாரம் படுக்கும் என்றார்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பழியைச் சூரியன் மேல் போட்ட அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் படி, சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும் என்று குறைக்கப்பட்டது. மழை பொய்ப்பது வேறு, மக்கள் பட்டினியில் சாவது வேறு. பட்டினிச் சாவுக்கான காரணம் தரையில் கண்ணெதிரே கிடந்தது!

சரி, சூரியப் புள்ளிக் கணக்கு என்ன ஆனது? 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் அதைச் சோதித்தார். உறவு மிகச் சிறியது, அதை வைத்து மழை சொல்ல முடியாது என்று கண்டார். 1914-இல் அவர் சொன்ன எச்சரிக்கை இன்னும் அருமையானது. நெல்லிவாசல் பிள்ளைகள் 20 பேர் ஆளுக்கொரு நாணயத்தைப் பத்துப் பத்து முறை சுண்டுகிறார்கள் என்று வையுங்கள். யாராவது ஒரு பிள்ளைக்கேனும் எட்டு தலையோ அதற்கு மேலோ விழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு! அந்தப் பிள்ளையை மட்டும் தனியே நிறுத்தி, “இவன் கை ராசி” என்றால்? பொருத்தத்தைத் தேடி ஆயிரம் கணக்கைத் துழாவினால் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும். எத்தனை பார்த்தபின் இது கிடைத்தது என்று கேட்கவேண்டும் என்பதே வாக்கர் சொன்னது.

அதே வாக்கர், கணினி இல்லாத நாளில் எழுத்தர்களைக் கொண்டு கையால் கணக்குப் போட வைத்து, பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது என்ற ஊஞ்சலைக் கண்டுபிடித்தார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. பசிபிக் கடல் சூடாவதும் அங்கே காற்று வலுவிழப்பதும் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்று 1969-இல் பியர்க்னெஸ் விளக்கினார். அப்போதுதான் ஒட்டுறவுக்குப் பின்னால் காரணம் தெரிந்தது. கடல் அப்படிச் சூடாவதுதான் எல் நினோ, அது வந்தால் நம் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும்!

அதுவும் ஒற்றைக் காரணமில்லை. 1997-இல் கடுமையான எல் நினோ வந்தும் நாட்டில் தென்மேற்குப் பருவமழை வழக்கம்போலவே பெய்தது. மறுபடி எல் நினோ வந்த 2015-இல் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது, ஆனால் டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது!

மழைக்கு விடை தேடிப்போன கொடைக்கானல் என்ன ஆனது தெரியுமா? 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டார். உலகம் அதை எவர்ஷெட் விளைவு என்கிறது. நூறு ஆண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் அங்கே கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் சேர்ந்திருக்கின்றன.