மாதங்க மலையில் ஒரு விடியல்

முப்பது ஆண்டுகளாகத் தள்ளிவைத்த நிலக்காட்சிப் புகைப்பட ஆசையை, பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் இருவரும் கையில் எடுத்தோம். கேமரா வாங்கும் முன் கணக்குப் பார்த்தோம். ஓய்வுக்காலப் பணத்தின் பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டோம். 60 வயது நிறைந்தவர் இதில் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி கிடைக்கும். அசலைத் தொடுவதில்லை, வட்டியில் ஒரு பங்கே பயணத்துக்கு என முடிவு செய்தோம்.

முதல் பயணம் ஹம்பிக்கு. மாதங்க மலையில் இருள் பிரியுமுன் ஏறத் தொடங்கினோம். பாதி வழியிலேயே முழங்கால்கள் நோகத் தொடங்கின. உச்சியை அடையுமுன் கதிரவன் எழுந்துவிட்டான். ஏமாற்றத்துடன் படியில் அமர்ந்து கீழே நோக்கினோம். அச்சுதராயர் கோயில்மீது இளவெயில் சாய்ந்திருந்தது. பாறைகளின் நிழல்கள் நீண்டு கிடந்தன. முக்காலியை அங்கேயே நிறுத்தி, லென்ஸின் துளையை எஃப்/11-க்குச் சுருக்கி எடுத்த படம் இன்று எங்கள் கூடத்தை அலங்கரிக்கிறது.

உச்சியிலிருந்து எடுக்க நினைத்த படம் மட்டும் இன்னும் கைகூடவில்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பணத்தைச் சேமிக்கும் வயதிலேயே நடைப்பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள்.