சிற்றெந்திரத்தில் தேய்ந்த கேம் தண்டை மாற்றும் முறை

மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவோர் நெடுங்காலம் இருவீச்சு எந்திரங்களையே நம்பியிருந்தனர். 1976-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஓ.எஸ். நிறுவனம் எஃப்.எஸ். 60 என்னும் நான்கு வீச்சு எந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே, கையளவான இவ்வகை எந்திரங்கள் பரவலாயின. அவற்றுள் பழையன பல இன்றும் ஓடுகின்றன. ஆனால் அவற்றுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது வரவர அரிதாகிறது. அரிதிற் கிடைத்த கேம் தண்டு ஒன்றை முறையறியாது பூட்டிக் கெடுத்தால், எந்திரமே காட்சிப் பொருளாகிவிடும்.

கேம் தண்டு என்பது முட்டை வடிவான இரு மேடுகளைத் தாங்கிய சிறு தண்டாகும். நூல்கள் இதனை நெம்புருள் தண்டு என்னும். பட்டறையில் அப்பெயர் சொன்னால் விளங்கிக்கொள்வார் சிலரே. ஒரு மேடு எரிபொருட் கலவை புகும் வால்வையும், மற்றது புகை வெளியேறும் வால்வையும் திறக்கும். கிராங்குத் தண்டு இருமுறை சுழன்றால் இது ஒருமுறை சுழலும். எந்திரம் நிமிடத்திற்கு 10,000 சுற்று ஓடுகையில், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 83 முறை திறந்து மூடுகிறது.

இத்துணை உழைப்புக்கும் கிடைக்கும் எண்ணெய் சொற்பமே. கார் எந்திரத்தில் உள்ளதுபோல் எண்ணெய்த் தொட்டி இங்கில்லை. எரிபொருளில் கலந்த எண்ணெயில் பிஸ்டனைக் கடந்து கசிவதே கேமை நனைக்கிறது. எரிபொருளாகிய மெத்தனாலோ ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஓட்டியபின் அப்படியே வைத்துவிட்டால் துருவேறும். துருவேறிய மேடு அரம்போல் டாப்பட்டை அராவும்.

வால்வு இடைவெளியைச் சரிசெய்த சில நாளிலேயே அது மீண்டும் விரிவதும், வலு குன்றுவதும் தேய்மானத்தின் அறிகுறிகள். திருகை முறுக்கினால் இடைவெளி குறையுமேயன்றி, மேடு இழந்த உயரம் திரும்பாது. மூடியைக் கழற்றிப் பார்த்து, மேட்டின் நுனி தட்டையாகவோ குழிவிழுந்தோ இருப்பின் தண்டை மாற்றுவதே வழி. டாப்பட்டுகளையும் உடன் மாற்றுதல் நன்று. சிக்கனம் கருதிப் பழைய டாப்பட்டை விட்டுவைத்தால் புதிய மேடு விரைவில் பாழாகும்.

கழற்றும்போது ராக்கர் திருகுகளைத் தளர்த்தித் தள்ளுகோல்களை எடுத்து, எது எதனுடையது என வேறுபடுத்தி வைத்தல் வேண்டும். கெட்டியான விளக்கெண்ணெயால் டாப்பட் ஒட்டியிருந்தால் மெல்லச் சூடேற்றினால் இளகும்.

பூட்டும்போதுதான் கருத்து மிக வேண்டும். பிஸ்டனை மேல் உச்சத்தில் நிறுத்தி, கேம் சக்கரத்தின் குறியைத் தயாரிப்பாளர் சொன்ன நிலையில் வைத்துச் செருகுதல் வேண்டும். நான்கு வீச்சுகளில் பிஸ்டன் இருமுறை உச்சம் தொடுகிறதே, இவற்றுள் எது என்று கற்போர் மயங்குவர். மயக்கம் வேண்டுவதில்லை. கேம் வெளியே இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. உட்சென்ற கேம்தான் அமுக்க உச்சம் எது, புகை உச்சம் எது என வகுக்கிறது. சாய்ந்த பற்களானால் செருகும்போதே சக்கரம் சற்றுத் திரும்பும்; அதற்கேற்பக் குறியை முன்கூட்டித் தள்ளிவைத்துத் தொடங்கல் வேண்டும். சக்கரத்தில் 30 பற்கள் எனக் கொண்டால், ஒரு பல் பிசகுவது கிராங்குத் தண்டில் 24 பாகை பிசகுவதாகும்.

மேட்டில் எண்ணெய் தடவி மூடியபின், ஒளிர்செருகியைக் கழற்றிக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். ஓர் உச்சத்தில் இரு வால்வுகளும் மூடியிருக்கும். மற்றதில் புகை வால்வு மூடுகையிலேயே மற்ற வால்வு திறக்கத் தொடங்கும். எங்கேனும் தடைபட்டால் வலிந்து திருப்பலாகாது. வால்வு பிஸ்டனில் முட்டுகிறது எனக் கொண்டு மறுபடி கழற்றுக.

இறுதியாக, எந்திரம் குளிர்ந்திருக்கையில் அமுக்க உச்சத்தில் நிறுத்தி இடைவெளியைத் தகட்டால் அளந்து அமைத்தல் வேண்டும். ஓ.எஸ். எந்திரங்களுக்கு இது 0.04 முதல் 0.10 மில்லிமீட்டர் வரை. புதிய பாகங்கள் படியும்வரை இடைவெளி மாறும்; ஆதலின் முதற் சில ஓட்டங்களுக்குப் பின் மீண்டும் அளப்பது அவசியம்.